லேபிளில் விழாத வரி

ஜூன் 5, திங்கள்

இன்று முதல் டெஸ்டிங் பிரிவு என்று ஒன்று கிடையாது. காலையில் போனபோது என் கண்ணாடி அறையின் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கதவில் இன்னும் என் பெயர் இருக்கிறது: தெய்வசிகாமணி, தரச் சோதனை. சாய்ந்து நின்று படிக்க வேண்டியிருந்தது.

கம்பெனி எம்.டி. எல்லோரையும் கூட்டிப் பேசினார். இனிமேல் ஏஜைல் முறை. இதுவரை புரோகிராம் எழுதுபவர்கள் எழுதி முடித்து எங்களிடம் தள்ளுவார்கள், நாங்கள் மாதக்கணக்கில் மூன்று சுற்று சோதிப்போம், நான் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவேன், அதன் பிறகுதான் மென்பொருள் மருத்துவமனைக்குப் போகும். இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிவிடுவோம். சோதிப்பவர்கள் எழுதுபவர்கள் பக்கத்திலேயே முதல் நாளிலிருந்து உட்கார வேண்டும். அறிக்கை இல்லை. கையெழுத்து இல்லை. திரையில் பெரிதாகப் போட்டார்கள்: தரம் எல்லோருடைய பொறுப்பு.

எல்லோருடைய பொறுப்பு என்றால் தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்று கேட்க நினைத்தேன். நல்ல கேள்விதான் என்று இப்போதும் தோன்றுகிறது. மைக் அந்தப் பக்கம் இருந்தது.

வீட்டில் கமலவேணியிடம் சொன்னேன். “கேட்டிருக்கலாமுங்களே” என்றாள். மைக் தூரத்தில் இருந்ததைச் சொன்னேன். “உங்களுக்கு மைக் எப்பவும் தூரந்தான்” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

ஜூன் 7, புதன்

ஸ்டாண்ட்-அப் என்று ஒரு கூத்து. தினமும் காலை தண்ணீர் கேன் பக்கத்தில் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை ஏதாவது உண்டா என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். நடத்துவது ஃபர்ஹானா, சென்னையிலிருந்து புதிதாக வந்திருப்பவர். வயது முப்பது இருக்கும். நன்றாகப் பேசுகிறார். என் முறை வந்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“சார், உங்களுக்குத் தடை ஏதாவது?”

“ஒண்ணுமில்லைங்க.”

எனக்கு இருக்கும் தடைகளை எழுதச் சொன்னால் நான்கு பக்கம் எழுதுவேன். நின்றபடி, ஏழு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இந்த வேலைக்கு வருமுன் பம்ப்செட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். பம்ப் சரியில்லை என்றால் அதன் கழுத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்த பம்புக்குப் போய்விடுவேன். யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அட்டை சொல்லும்.

ஜூன் 9, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. நின்று நின்று முழங்கால் வலி.

ஜூன் 13, செவ்வாய்

ஃபர்ஹானா இன்று எனக்கு மட்டும் ஒரு நாற்காலி கொண்டுவந்து வட்டத்தில் போட்டார். எல்லோரும் நிற்க நான் உட்கார்ந்திருந்தேன். பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இருந்தது. இதற்கு முழங்கால் வலியே தேவலை.

இப்போது நாங்கள் செய்வது மருந்து லேபிள். மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை உறையின் மேல் ஒட்டுகிற சின்னச் சீட்டு. இதுவரை ஆங்கிலத்தில் வந்தது. இனி தமிழில், பெரிய எழுத்தில். நல்ல வேலைதான். எழுதுகிற பையன் தரணிதரன், அன்னூர்க்காரன், கெட்டிக்காரன். என் பக்கத்து மேசை. எழுத எழுதவே சோதிக்கச் சொல்கிறான். பாதி வெந்த சோற்றை ருசி பார்க்கச் சொல்வது போல இருக்கிறது. எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? தேவைப் பட்டியல் எங்கே என்று கேட்டால் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளைக் காட்டுகிறான். அதில் எழுதியிருப்பது: “தமிழ் லேபிள், சூப்பரா.”

“சூப்பர்னா எவ்வளவுங்க தம்பி?”

“சார், அதை நீங்க சோதிச்சுச் சொல்லுங்க. எனக்கு நீங்கதான் ஸ்கேல்.”

கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை. சிரித்து வைத்தேன்.

ஜூன் 15, வியாழன்

எழுதுபவர்கள் எல்லோரும் ரவி என்ற பெயரை வைத்தே சோதிக்கிறார்கள். நோயாளி பெயர் ரவி, அப்பா பெயர் ரவி, டாக்டர் பெயர் ரவி. நான் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் போனேன். நம் ஊர்ப் பெயர்கள் வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. தெய்வநாயகி அம்மாள், முத்துக்குமரசாமி, அங்கயற்கண்ணி.

“கட்டுச் சோத்தோட வந்துட்டாருப்பா” என்றான் தரணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 19, திங்கள்

லேபிளை இன்று அச்சடித்துப் பார்த்தேன். ரவிக்கு ஒழுங்காக வருகிறது. மூட்டு வாதத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. அதற்கு லேபிள் இப்படி வர வேண்டும்: முதலில் பெயர், அடுத்து மாத்திரை பெயர், அடுத்து “காலை 1, உணவுக்குப் பின்”, கடைசி வரியாக “வாரத்தில் ஒரு நாள் மட்டும்”.

தெய்வநாயகி அம்மாள் என்று போட்டால் பெயர் இரண்டு வரியாக மடிந்துவிடுகிறது. மற்றவை ஒரு வரி கீழே இறங்குகின்றன. கடைசி வரி சீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. திரையில் பார்த்தால் சரியாக இருக்கிறது. அச்சில் மட்டும் இல்லை.

எங்கள் பிரிண்டர் பழையது. தாள் கோணலாகப் போவது உண்டு. தாளை நான் சரியாக வைக்கவில்லையோ என்னவோ. இரண்டாம் முறை அச்சடித்தபோதும் வரவில்லை. இருந்தாலும் மருத்துவமனையில் இருக்கும் பிரிண்டர் வேறு வகை. அங்கே சரியாக வரலாம். உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி அந்தப் பையன் வேலையைக் கெடுப்பதா? நாளை இன்னொரு முறை பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

வரும்போது கமலவேணிக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன்.

ஜூன் 20, செவ்வாய்

ஸ்டாண்ட்-அப்பில் ஃபர்ஹானா கேட்டார்: “சார், லேபிள் பாத்தீங்களா? எப்படி இருக்கு?”

“பரவாயில்லைங்க” என்றேன்.

அதற்கு மேல் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், “சூப்பர் சார்! நீங்களே பரவாயில்லைன்னு சொல்லிட்டீங்கன்னா வேற யார் சொல்லணும்?” என்று சொல்லி மஞ்சள் தாளைப் பிய்த்து ‘முடிந்தது’ என்ற கட்டத்தில் ஒட்டிவிட்டார். தரணி கை தட்டினான். அடுத்த ஆள் பேசத் தொடங்கிவிட்டான்.

பரவாயில்லை என்றால் சுமாராக இருக்கிறது, ஒரு விஷயம் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். யாருக்கும் தெரியாதா? பழைய அறிக்கையில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது: ‘நிபந்தனைக்கு உட்பட்டு ஏற்கப்பட்டது’. அந்தக் கட்டத்தில் டிக் போட்டுக் கீழே குறிப்பு எழுதுவேன். அந்தக் குறிப்பைப் படிக்காமல் யாரும் மேலே போக முடியாது. இந்த மஞ்சள் தாளில் குறிப்புக்கு இடம் எங்கே?

ஜூன் 22, வியாழன்

லேபிள் இன்று மருத்துவமனைக்குப் போய்விட்டது. கேக் வெட்டினார்கள். முட்டை இல்லாத கேக் எனக்காக ஃபர்ஹானா தனியாக வரவழைத்திருந்தார். கையில் தட்டை வைத்துக்கொண்டு அதைப் பேசுவது நன்றாக இருக்காது.

ஜூன் 23, வெள்ளி

ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 26, திங்கள்

இரண்டு நாளாக யோசித்து மின்னஞ்சல் எழுதினேன். வெறும் லேபிளை மட்டும் எழுதினால் புகார் போலத் தெரியும். அதனால் புதிய முறை பற்றிய என் பொதுவான கருத்துகளோடு சேர்த்து எழுதினேன். தலைப்பு: ‘சில தாழ்மையான கருத்துகள்’. தேவைப் பட்டியல் இல்லாமை, சோதனைத் தரவு, பிரிண்டர் தாள் என்று வரிசைப்படுத்தி, லேபிள் விஷயத்தை நடுவில் வைத்தேன். “நீளமான பெயர்களில் கடைசி வரி சில சமயம் அச்சாகாமல் இருக்கக்கூடும் என ஐயுறுகிறேன்.” மொழி நன்றாக அமைந்தது.

தரணி சாயங்காலம் சொன்னான்: “சார், மெயில் வந்துச்சுங்க. பெருசா இருக்கு. உக்காந்து நிதானமாப் படிக்கிறேன்.”

சரி. எழுத்தில் கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 28, புதன்

படித்ததாகத் தெரியவில்லை. ஃபர்ஹானா, “சார், உங்க மெயில்ல நல்ல பாயிண்ட்ஸ் இருக்கு, வெள்ளிக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசலாம், நீங்களே எடுத்துச் சொல்லுங்க” என்றார். முதல் பக்கம் மட்டும் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இவர்களுக்குப் படிக்கவே பொறுமை இல்லை. எல்லாவற்றையும் வாயாலேயே நடத்த வேண்டும். ஒரு தொழில் இப்படியா நடக்கும்?

ஜூன் 30, வெள்ளி

விடுப்பு எடுத்தேன். லேசான காய்ச்சல் மாதிரி இருந்தது. கமலவேணி தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றாள். குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்ததால் வீட்டில் இருந்ததும் நல்லதாயிற்று.

ஜூலை 1, சனி

“என்னங்க, ரெண்டு நாளா சோத்தைப் பெசஞ்சுட்டே இருக்கீங்க, திங்கறதில்ல” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். லேபிள், கடைசி வரி, பிரிண்டர், மின்னஞ்சல் எல்லாம்.

கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அந்த மாத்திரைய தெனமும் போட்டா என்னங்க ஆகும்?”

“வாயெல்லாம் புண்ணாகும். ரத்தம் குறையும். மோசமாக்கூடப் போகலாம்.”

அவள் எழுந்தாள். என் தட்டை எடுத்துப் போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 3, திங்கள்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

வீடியோவில் மருத்துவமனையின் மருந்தகப் பொறுப்பாளர் வந்தார். லேபிள் எப்படி இருக்கிறது என்று எம்.டி. கேட்டார். அந்த அம்மாள் சிரித்தபடி சொன்னார்: “ரொம்ப நல்லாருக்குங்க சார். தமிழ்ல பெருசா வருதுங்களா, பேஷண்டுக இப்பெல்லாம் எங்ககிட்ட எதுவுமே கேக்கறதில்லைங்க. அதையே பாத்துப் போட்டுக்கறாங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். அதையே பார்த்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் எழுந்துவிட்டேன்.

“நிறுத்துங்க!”

என் குரல்தான். அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. எம்.டி. திரும்பிப் பார்த்தார்.

“லேபிளை நிறுத்துங்க. இப்பவே. பேரு நீளமா இருந்தா கடைசி வரி விழறதில்லை. வாரத்துக்கு ஒண்ணுங்கற மாத்திரை தெனமும் ஒண்ணுன்னு போகுது.”

பிறகு தரணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினான். அந்த அம்மாள் வீடியோவிலேயே ஒரு பெயரை அடித்து லேபிள் எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். அவர்கள் பிரிண்டரிலும் அப்படித்தான்.

ஒரு மணி நேரத்தில் தரணி தமிழ் லேபிளை நிறுத்திப் பழைய லேபிளைக் கொண்டுவந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் திருத்தமும் முடிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவன் எழுத, அச்சடித்து அச்சடித்துப் பார்த்தோம். பழைய முறையில் இதற்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். இதை எழுதாமல் விடுவது நியாயமில்லை.

வேலை முடிந்ததும் தரணி கேட்டான், “எப்பங்க சார் பாத்தீங்க இதை?”

“மின்னஞ்சல்ல எழுதியிருந்தேனே தம்பி.”

அவன் அதை எடுத்துத் தேடிப் பிடித்துப் படித்தான். “‘ஐயுறுகிறேன்’. வீடு தீப்பிடிச்சாலும் இப்பிடித்தான் லெட்டர் போடுவீங்களா சார்?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஃபர்ஹானா என் பக்கத்தில் வந்து நின்றார். “நான் கேட்டேனே சார். பரவாயில்லைன்னு சொன்னீங்களே.”

“சுமார்னு அர்த்தத்துல சொன்னேங்க.”

“எங்க வீட்ல அம்மா பிரியாணி பண்ணி எப்படி இருக்குன்னு கேட்டா, அத்தா பரவாயில்லன்னு சொல்வாரு. அதுக்கு மேல பாராட்டே கிடையாது சார் அவர்கிட்ட. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.” அவர் கண் கலங்கியிருந்தது. “தப்பு எம்மேலயும் இருக்கு. ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

அவர் மேல் தப்பு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூலை 4, செவ்வாய்

நீளமான பெயரும் அந்த மாத்திரையும் சேர்ந்து போனது மூன்று பேருக்கு. மருத்துவமனையிலிருந்தும் பேசுகிறார்கள், நம் பக்கமிருந்தும் ஒருவர் பேசி விவரம் வாங்க வேண்டும் என்றார் எம்.டி. யார் பேசுவது என்று கேட்கும் முன் ஃபர்ஹானா கையை உயர்த்தினார். “நான் பேசறேங்க” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தொலைபேசியில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

முதலில் ஒரு அம்மாள். “லேபிளா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சாமி. டாக்டரம்மா செவ்வாக்கெழமைன்னு சொல்லிச்சு. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம போட்டுக்கறேன். இன்னைக்குக்கூடப் போட்டேன்.” அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை. “எதுக்குங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாமவருக்கு மாத்திரை கொடுப்பது மகள். அவர் நர்ஸ். தப்பு நடக்கவில்லை.

மூன்றாவது வெள்ளியங்கிரிநாதன், ஓய்வு பெற்ற சர்வேயர். மகன் எடுத்தார்.

“அப்பாவுக்கு வாயெல்லாம் புண்ணுங்க. தண்ணிகூட இறங்கல. ஞாயித்துக்கெழம அட்மிட் பண்ணியிருக்கு. ஏனுங்க?”

“மூட்டு வலி மாத்திரை தெனமும் போட்டாருங்களா?”

“லேபிள்ல இருந்த மாதிரிதானுங்க. மருந்துக்கடைப் புள்ளை வாரத்துக்கு ஒண்ணுன்னு சொல்லுச்சுன்னு அம்மா சொன்னாங்க. அப்பா கேக்கலைங்க. சீட்டுல தெளிவா இருக்கே, வாயால சொல்றதுல தப்பு வரும், எழுத்துல வராதுன்னுட்டாருங்க. அவரு அப்படித்தான். தாள்ல இருந்தா அதுதான் அவருக்கு.”

விவரத்தைச் சொன்னேன். லேபிளில் ஒரு வரி விழவில்லை, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். டாக்டரைப் பார்க்க ஓடிவிட்டார் போலிருக்கிறது. இணைப்பு அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 5, புதன்

வெள்ளியங்கிரிநாதனுக்கு முறிவு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ரத்த அணுக்கள் மெதுவாக ஏறுகின்றன, பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னதாக மருந்தக அம்மாள் சொன்னார்.

எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க சொன்னதுதான் சரி போல சார். பழைய மாதிரி கையெழுத்து முறையைத் திரும்பக் கொண்டு வந்துருவோமா? உங்க ரூமையும் போட்டுரலாம்.” ஒரு மாதமாக இந்தப் பேச்சுக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அந்தப் பழைய அறிக்கையில் நான் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கீழே குறிப்பில் ‘ஐயுறுகிறேன்’ என்றுதான் எழுதியிருப்பேன். தரணி மூன்று வாரம் கழித்துப் படித்திருப்பான்.

“வேண்டாங்க. இப்பிடியே இருக்கட்டும்” என்றேன். அவருக்கு ஆச்சரியம். ஏன் என்று கேட்டார். நான் நாளைக்கு விடுப்பு கேட்டேன்.

அவரைப் படுக்க வைத்திருக்கும் அன்னூர் ஆஸ்பத்திரிக்கு, வெள்ளியங்கிரிநாதனைப் பார்க்க, நாளை போகிறேன். ஃபர்ஹானா வருகிறேன் என்றார். தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 6, வியாழன்

மகன் வாசலில் நின்றார். உள்ளே கூட்டிப் போய், “அப்பா, கம்பெனியில இருந்து வந்திருக்காருங்க” என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனார்.

வெள்ளியங்கிரிநாதனுக்கு என் வயதுதான் இருக்கும். உதடெல்லாம் வெடித்திருந்தது. பேச முடியவில்லை. தலைமாட்டில் ஒரு வெள்ளைத் தாள் கட்டு, ஒரு பேனா. உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் கொண்டுபோன இளநீரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு எழுதினார். அழகான, நேரான எழுத்து.

‘கம்பெனியில் நீங்கள் என்ன வேலை?’

“போறதுக்கு முன்னாடி சரி பாக்கற வேலைங்க.”

குனிந்து எழுதினார்.

‘இதைப் பார்த்தீர்களா?’

கைநீட்டிப் பேனாவைக் கேட்டேன். எழுதினால் பிரிண்டர் பற்றியும், தாள் கோணல் பற்றியும், மஞ்சள் தாள் பற்றியும், நான் மின்னஞ்சல் அனுப்பிய தேதி பற்றியும் ஒழுங்காக, வரிசையாகச் சொல்ல முடியும். அவர் பேனாவைக் கொடுக்கவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து இன்னும் ஒரு வரி எழுதித் திருப்பிக் காட்டினார்.

‘எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.’

“பாத்தேனுங்க” என்றேன். “அனுப்பறதுக்கு முன்னாடியே பாத்தேன். தெரிஞ்சுது. சொல்லலை.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.